யு-505: ராசியில்லாத படகு

இரண்டாம் உலகப் போர் நடந்த 1943 கோடைக்காலத்தில், ஜெர்மனி பிடித்து வைத்திருந்த பிரான்ஸின் லோரியான் துறைமுகத்தில் ஜெர்மன் மாலுமிகளுக்குள் ஒரு கிண்டல் ஓடிக்கொண்டிருந்தது. கடலுக்குப் போகிற கமாண்டர்களில் யார் திரும்புவார், யார் திரும்ப மாட்டார் என்று சொல்லவே முடியாது, ஆனால் ஒரே ஒருத்தர் மட்டும் நிச்சயம் திரும்பி வந்துவிடுவார், அவர்தான் பீட்டர் செஹ். இது பாராட்டு இல்லை. அந்த மனிதரின் படகு துறைமுகத்தை விட்டுக் கிளம்பும், ஒரு நாளோ இரண்டு நாளோ கழித்து ஏதோ ஒரு கோளாறோடு திரும்பி வந்து நிற்கும். மறுபடி பழுது பார்ப்பார்கள், மறுபடி கிளம்பும், மறுபடி வரும். அந்தப் படகுதான் யு-505 என்ற நீர்மூழ்கி.

இந்த நீர்மூழ்கியைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் 1944 ஜூன் 4-ஆம் தேதியை மட்டும்தான் எழுதுவார்கள். அமெரிக்கக் கடற்படை நடுக்கடலில் இதை உயிரோடு பிடித்த நாள் அது. சினிமாவுக்கு ஏற்ற சம்பவம், மறுக்கவில்லை. ஆனால் எனக்கு அதற்கு முந்தைய மூன்று வருடங்கள்தான் அதிகம் பிடிக்கும். சகட்டுமேனிக்கு அடிவாங்கி, மாலுமிகளே ராசியில்லாத படகு என்று முத்திரை குத்திய ஒன்று, கடைசியில் தன் கூட்டாளிப் படகுகள் அத்தனையும் கடலடியில் கிடக்க, தான் மட்டும் ஆட்களோடு தப்பியது எப்படி? ராசி என்று அவர்கள் சொன்னதில் பாதிக்கு மேல் காரணம் தெரிந்த விஷயங்கள்தான் என்பது என் கட்சி.

முதலில் படகைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஹாம்பர்க்கில் டாய்ச்ச வெர்ஃப்ட் கப்பல் தளத்தில் 1940 ஜூனில் வேலை தொடங்கியது. 1941 ஆகஸ்ட் 26 அன்று கடற்படையில் சேர்ந்தது. ஒன்பது-சி ரகம், அதாவது அட்லாண்டிக்கின் மறுகோடி வரை போய்வரக்கூடிய பெரிய ரகம். நீளம் கிட்டத்தட்ட 77 மீட்டர், அகலம் ஏழு மீட்டருக்கும் குறைவு. முன்னால் நான்கு டார்பிடோ குழாய்கள், பின்னால் இரண்டு, மொத்தம் 22 டார்பிடோக்கள் வரை ஏற்றலாம். நீரின் மேல் 18 நாட் வேகம் (நாட் என்பது கடலில் வேகத்தைச் சொல்லும் அளவு, ஒரு நாட் மணிக்கு 1.85 கிலோமீட்டர்), அடியில் போனால் ஏழு நாட்தான், அதுவும் பேட்டரி தாங்குகிற வரைக்கும். இந்தக் கடைசி விஷயத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், எல்லா வினையும் அங்கிருந்துதான் வருகிறது. நீர்மூழ்கி என்று பேர்தானே தவிர, அந்தக் காலத்துப் படகுகள் பெரும்பாலும் மேலே மிதந்தபடிதான் பயணம் செய்தன. தேவைப்பட்டால் முங்கும், அவ்வளவுதான். டீசல் எஞ்சினுக்குக் காற்று வேண்டும், பேட்டரி சார்ஜ் ஏற டீசல் ஓட வேண்டும், அதற்கு மேலே வந்தே ஆக வேண்டும். மேலே வந்தால் விமானம் பார்த்துவிடும்.

1942 தொடக்கத்தில் அந்தப் பயம் பெரிதாக இல்லை. முதல் கமாண்டர் ஆக்ஸல்-ஓலாஃப் லோவே, மாலுமிகளுக்குப் பிடித்த மனிதர். ஆக்ஸல் என்ற பெயருக்குக் கோடரி, ஜெர்மனில் லோவே என்றால் சிங்கம், இரண்டையும் சேர்த்துக் கோடரி பிடித்த சிங்கத்தைப் படகின் சின்னமாக வரைந்து வைத்திருந்தார்கள். பிப்ரவரியில் லோரியானிலிருந்து கிளம்பி மேற்கு ஆப்பிரிக்காவின் ஃப்ரீடவுன் பக்கம் போனார்கள். மார்ச் 5 அன்று பென்மோர் என்ற பிரிட்டிஷ் கப்பல், மறுநாள் சிட்ஹாவ் என்ற நார்வே எண்ணெய்க் கப்பல், ஏப்ரல் 3 அன்று அமெரிக்காவின் வெஸ்ட் இர்மோ, மறுநாள் டச்சுக் கப்பல் ஆல்ஃபாக்கா. ஒரே பயணத்தில் நான்கு.

இப்படிக் கப்பல் பெயர்களை அடுக்கிக் கணக்கு முடிக்கிற மாதிரி எழுதுவது எனக்குப் பிடிப்பதில்லை. வெஸ்ட் இர்மோவில் இறந்தவர்கள் யார் தெரியுமா? துறைமுகங்களில் சரக்கு ஏற்றி இறக்குவதற்காக ஏறியிருந்த மேற்கு ஆப்பிரிக்கக் கூலித் தொழிலாளர்கள். அவர்களுக்கு இந்தப் போரில் என்ன வேலை? நீர்மூழ்கி ரசிகர்கள் டன் கணக்கு போடுவார்கள், யு-505 மொத்தம் 8 கப்பல், 45,005 டன் என்று. அந்த டன்னுக்குள் இவர்களும் இருக்கிறார்கள்.

அடுத்த பயணம் கரீபியன் கடல். ஜூன் 28 அன்று சீ த்ரஷ், மறுநாள் தாமஸ் மெக்கீன். இரண்டாவது கப்பலுக்கு அது முதல் பயணம், ரஷ்யாவுக்கான போர்த் தளவாடங்களோடு வந்த புத்தம்புதுக் கப்பல். அதற்கப்புறம் வாரக் கணக்கில் ஒன்றும் அகப்படவில்லை. ஜூலை 22 அன்று மூன்று பாய்மரங்கள் கொண்ட ஒரு கொலம்பியக் கப்பல் எதிரே வந்தது. எச்சரிக்கையாக முன்னால் ஒரு குண்டு சுட்டு நிறுத்தச் சொன்னார்கள், பிறகு தளத்துப் பீரங்கியால் அடித்து மூழ்கடித்துவிட்டார்கள். போரில் எந்த மதிப்பும் இல்லாத ஒரு மரக்கப்பல். பாய்மரக் கப்பலைக் கொன்றால் கடல் சும்மா விடாது என்று மாலுமிகளுக்கு ஒரு நம்பிக்கை. அன்றிலிருந்துதான் நம் கெட்ட காலம் ஆரம்பித்தது என்று பின்னாளில் அந்தப் படகில் இருந்தவர்கள் சொல்லிச் சொல்லியே மாய்ந்தார்கள். அதற்கேற்ற மாதிரி லோவேவுக்குக் குடல்வால் வீங்கி, பயணத்தைப் பாதியில் முடித்துத் திரும்ப வேண்டியதாயிற்று. அவர் ஆபரேஷனுக்குப் போனார், படகு பீட்டர் செஹ் கைக்கு வந்தது.

செஹ்ஹுக்கு அப்போது 24 வயதுகூட நிறையவில்லை. அதற்கு முன் யு-124 என்ற பேர்பெற்ற படகில் அதிகாரியாக இருந்தவர். பெரிய பெயர் எடுக்க வேண்டும் என்கிற வேகம் இருந்தது. லோவேவின் சிங்கத்தை அழித்துவிட்டு ஒலிம்பிக் வளையங்களை வரையச் சொன்னார், 1936-இல் கடற்படையில் சேர்ந்த அணி என்பதற்கான அடையாளம் அது. மாலுமிகளுக்கும் அவருக்கும் ஒத்துப்போகவில்லை. மூத்த கமாண்டர் கீழ் சௌகரியமாக இருந்தவர்களிடம் சின்ன வயதுக்காரர் ஒருவர் வந்து கடுகடுப்பாக நடந்துகொண்டால் என்ன ஆகுமோ அதுதான் ஆயிற்று.

முதல் பயணம் நன்றாகத்தான் தொடங்கியது. 1942 நவம்பர் 7 அன்று ஓஷன் ஜஸ்டிஸ் என்ற பிரிட்டிஷ் கப்பலை மூழ்கடித்தார். அதுதான் யு-505 மூழ்கடித்த கடைசிக் கப்பல் என்று அன்றைக்கு யாருக்கும் தெரியாது. மூன்றே நாள் கழித்து, டிரினிடாட் அருகே, மேகத்துக்குள்ளிருந்து பிரிட்டிஷ் விமானப்படையின் ஹட்சன் ரக விமானம் ஒன்று இறங்கியது. ஓட்டியவர் ரொனால்ட் சில்காக் என்ற ஆஸ்திரேலியர். மிகத் தாழப் பறந்து வந்து குண்டுகளைப் போட்டார். ஒன்று நேரே படகின் தளத்தில் விழுந்து வெடித்தது. அந்த வெடிப்பு கீழே படகைக் கிழித்ததோடு நிற்காமல் மேலே போய்க்கொண்டிருந்த விமானத்தையும் சேர்த்து அடித்துவிட்டது. விமானம் பக்கத்திலேயே கடலில் விழுந்தது, உள்ளே இருந்த யாரும் பிழைக்கவில்லை.

படகின் நிலைமை? விமான எதிர்ப்புத் துப்பாக்கி பெயர்ந்துபோய்விட்டது, தளம் வாழைப்பழத் தோல் மாதிரி உரிந்து கிடந்தது, அழுத்தம் தாங்குகிற உள் உடலிலேயே விரிசல், தண்ணீர் உள்ளே வருகிறது. செஹ் எல்லோரையும் வெளியேறச் சொன்னார். எஞ்சின் பகுதி ஆட்கள் மறுத்தார்கள். போகிறவர்கள் போங்கள், நாங்கள் இருந்து சரிபண்ணிப் பார்க்கிறோம் என்பதுதான் அவர்கள் நிலை. சரிபண்ணியும் விட்டார்கள். எதிரி விமானங்கள் சுற்றுகிற கடலில், முங்க முடியாத படகை, இருந்த தகட்டையும் கம்பியையும் வைத்து ஒட்டுப்போட்டு, கொஞ்சம் கொஞ்சமாக முங்கிப் பார்த்து, அட்லாண்டிக்கைக் கடந்து டிசம்பர் 12 அன்று லோரியான் கொண்டுவந்து சேர்த்தார்கள். அவ்வளவு சேதத்தோடு சொந்தமாகத் துறைமுகம் திரும்பிய நீர்மூழ்கி வேறு இல்லை என்று இதைக் குறிப்பிடுவார்கள். சொல்லுங்கள், இது ராசியில்லாத படகா? கைதேர்ந்த மெக்கானிக்குகள் இருந்த படகு என்றுதான் நான் சொல்வேன். கமாண்டரின் உத்தரவை அவர்கள் அப்படியே கேட்டிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும்.

பழுது பார்க்கக் கிட்டத்தட்ட ஆறு மாதம் ஆனது. அந்த ஆறு மாதத்தில் கடலில் ஆட்டமே மாறிவிட்டது. நேச நாடுகளின் விமானங்களில் புது ரேடார் வந்துவிட்டது, நீண்ட தூரம் பறக்கும் விமானங்கள் வந்துவிட்டன, ஜெர்மன் படகுகள் அனுப்பும் ரேடியோச் செய்தி எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்கும் கருவி கப்பல்களிலேயே பொருத்தப்பட்டுவிட்டது. 1943 மே மாதத்தில் மட்டும் 40-க்கு மேற்பட்ட ஜெர்மன் நீர்மூழ்கிகள் போயின. யு-505 லோரியான் கான்கிரீட் கூடாரத்துக்குள் பத்திரமாகப் பழுதாகிக் கிடந்த மாதங்கள் அவை.

ஜூலை தொடக்கத்தில் வெளியே போனார்கள். பிரிட்டிஷ் போர்க்கப்பல்கள் முப்பது மணி நேரம் துரத்தித் துரத்தி டெப்த் சார்ஜ் போட்டன. டெப்த் சார்ஜ் என்பது தண்ணீரில் குறிப்பிட்ட ஆழம் போனதும் வெடிக்கும் பீப்பாய்க் குண்டு. நேரே மேலே விழ வேண்டியதில்லை, பக்கத்தில் வெடித்தாலே படகு நொறுங்கும். தப்பித்துத் திரும்பினார்கள். ஆகஸ்டில் மூன்று முறை கிளம்பி மூன்று முறையும் ஓரிரு நாளில் திரும்பினார்கள். முங்கிப் பார்த்தால் எங்கெங்கேயோ விசித்திரமான சத்தம், எங்கோ ஒழுகல். காரணம் கடலில் இல்லை, பழுது பார்த்த இடத்தில் இருந்தது. லோரியான் தளத்தில் வேலை செய்த பிரெஞ்சுத் தொழிலாளர்கள் தங்களால் ஆன எதிர்ப்பைத் தங்கள் கைத்தொழிலிலேயே காட்டினார்கள். எண்ணெய்த் தொட்டியில் பென்சில் கனத்துக்கு ஒரு துளை போட்டால் போதும், படகு போகிற வழியெல்லாம் மேலே எண்ணெய்க் கோடு விழும், விமானத்துக்கு அதைவிடச் சௌகரியமான வழிகாட்டி கிடையாது. பற்றவைக்க வேண்டிய மூட்டில் சணல் கயிற்றை அடைத்துப் பூசிவிட்டால் மேலோட்டமான பரிசோதனையில் தெரியாது. துப்பாக்கி தூக்காமல் ஒரு போர்க்கப்பலை மாதக்கணக்கில் முடக்கி வைத்த அந்த ஆட்களின் பெயர் எந்த அருங்காட்சியகப் பலகையிலும் இல்லை.

இப்போது செஹ்ஹின் இடத்திலிருந்து பாருங்கள். சக கமாண்டர்கள் கழுத்தில் பதக்கம் மாட்டிக்கொள்கிறார்கள், அல்லது செத்துப்போகிறார்கள். இவர் இரண்டும் இல்லாமல் திரும்பித் திரும்பி வருகிறார். காபி குடிக்கிற இடத்தில் ஆரம்பத்தில் சொன்ன அந்தக் கிண்டல். சொந்த மாலுமிகளே நம்பவில்லை. அக்டோபரில் மறுபடி கிளம்பினார்கள். 24-ஆம் தேதி, அசோர்ஸ் தீவுகளுக்குக் கிழக்கே, டெப்த் சார்ஜ் தாக்குதல் ஆரம்பித்தது. படகு குலுங்குகிறது, விளக்குகள் போகின்றன. அந்த நேரத்தில், கட்டுப்பாட்டு அறையில், தன் ஆட்கள் கண்ணெதிரிலேயே செஹ் தன் கைத்துப்பாக்கியால் தலையில் சுட்டுக்கொண்டார். வயது 25. எதிரி தாக்கிக்கொண்டிருக்கும்போதே, நீருக்கடியில், தன் படகுக்குள் தற்கொலை செய்துகொண்ட ஒரே நீர்மூழ்கிக் கமாண்டர் என்று வரலாறு அவரைப் பதிந்து வைத்திருக்கிறது.

கோழை என்று எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அப்படி எழுத மனம் வரவில்லை. அதே சமயம் அனுதாபத்தில் ஒன்றை மறந்துவிடவும் கூடாது, அவர் விட்டுப்போன இடத்தில் ஐம்பது பேருக்கு மேல் இருந்தார்கள், வெடிச்சத்தம் நிற்கவில்லை. முதல் நிலை அதிகாரி பவுல் மையர் உடனே பொறுப்பை எடுத்துக்கொண்டார். படகை ஆழத்தில் பிடித்து வைத்து, தாக்குதல் ஓயும் வரை தாக்குப்பிடித்து, இரவில் கமாண்டரின் உடலைக் கடலில் சேர்த்துவிட்டு, நவம்பர் 7 அன்று லோரியான் வந்து சேர்ந்தார். இந்த மையருக்குப் பெரிய மரியாதை எதுவும் கிடைக்கவில்லை. கமாண்டர் பதவியும் வேறொருவருக்குப் போனது. சத்தமில்லாமல் அடுத்தவரின் கீழும் முதல் அதிகாரியாகவே தொடர்ந்தார். இந்தப் படகின் கதையில் எனக்கு ரொம்பப் பிடித்த ஆள் அவர்தான்.

புதுக் கமாண்டர் ஹரால்ட் லாங்கெ. வயதில் பெரியவர், வணிகக் கப்பல் அனுபவம் உள்ளவர், நிதானமானவர். 1943 கிறிஸ்துமஸ் அன்று கிளப்பினார். மூன்று நாளில் பிஸ்கே வளைகுடாவில் பிரிட்டிஷ் க்ரூசர்கள் ஜெர்மன் போர்க்கப்பல்களை அடித்து மூழ்கடித்திருந்தன, டி-25 என்ற கப்பலில் இருந்து கடலில் தத்தளித்த 33 பேரை ஏற்றிக்கொண்டு பிரெஸ்ட் துறைமுகத்துக்குத் திரும்பினார். ஏற்கெனவே மூச்சு முட்டுகிற படகில் இன்னும் 33 பேர்.

எவ்வளவு மூச்சு முட்டும் என்பதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். இந்தப் படகு இப்போது சிகாகோவில் கிரிஃபின் அறிவியல் மற்றும் தொழில் அருங்காட்சியகத்தில் நிற்கிறது. வெளியிலிருந்து பார்க்கும்போது இத்தனை பெரிதா என்று தோன்றும், உள்ளே போனால் அந்த நீளம் எங்கே போயிற்று என்றே தெரியவில்லை. முன்னும் பின்னும் டார்பிடோ, நடுவில் எஞ்சின், மோட்டார், பேட்டரி, குழாய், வால்வு, சக்கரம், மீதி இடத்தில் மனிதர்கள். படுக்கைகள் எல்லோருக்கும் போதாது, ஒருவர் வேலைக்குப் போக எழுந்தால் அந்தச் சூடு ஆறுவதற்குள் இன்னொருவர் ஏறிப் படுப்பார். சமையலறையில் இரண்டு பேர் சேர்ந்து நிற்க முடியாது, அங்கேதான் ஐம்பது அறுபது பேருக்கும் சமையல். ஒரு பெட்டியிலிருந்து அடுத்த பெட்டிக்குப் போக வட்டமான துளை வழியாகக் காலை முதலில் நீட்டி, தலையைக் குனிந்து நுழைய வேண்டும். எங்கள் குழுவில் வந்த உயரமான ஒருவர் இரண்டு இடத்தில் இடித்துக்கொண்டார். தாக்குதல் நேரத்தில் மாலுமிகள் இதற்குள் ஓடியிருக்கிறார்கள். கட்டுப்பாட்டு அறையில் கொஞ்ச நேரம் நின்றேன், செஹ் இறந்த இடமும் அதுதான், அமெரிக்கர்கள் படகைக் காப்பாற்றிய இடமும் அதுதான்.

சரி, அந்த ஜூன் 4-க்கு வருவோம். மார்ச் 16 அன்று பிரெஸ்டிலிருந்து கிளம்பிய லாங்கெ மேற்கு ஆப்பிரிக்கா வரை போய் ஒரு கப்பல்கூட அகப்படாமல் திரும்பிக்கொண்டிருந்தார். எதிரே கேப்டன் டேனியல் கேலரியின் அணி: குவாடல்கனால் என்ற சிறிய விமானந்தாங்கிக் கப்பல், கூடவே சாட்டலேன், பில்ஸ்பரி, ஜெங்க்ஸ், போப், ஃப்ளாஹர்ட்டி என்ற ஐந்து காவல் கப்பல்கள். கேலரிக்கு ஒரு விபரீத ஆசை இருந்தது. ஏப்ரலில் யு-515 என்ற படகை அடித்து மேலே வரவைத்தபோது அது மூழ்குவதற்குக் கொஞ்ச நேரம் எடுத்துக்கொண்டதைப் பார்த்திருந்தார். அடுத்த முறை இப்படி ஒன்று வந்தால் ஏன் நாம் ஆட்களை ஏற்றிப் பிடிக்கக் கூடாது? ஒவ்வொரு கப்பலிலும் அதற்கென்று ஒரு குழுவைத் தயார் செய்யச் சொல்லிவிட்டுத்தான் மே 15 அன்று நார்ஃபோக்கிலிருந்து புறப்பட்டார்.

நாள்கணக்கில் தேடியும் கிடைக்கவில்லை. எரிபொருள் குறைந்துவிட்டது, தேடலை நிறுத்தி காசாபிளாங்கா பக்கம் திரும்பிவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை. காலை 11:09-க்கு சாட்டலேனின் சோனாரில், அதாவது நீருக்கடியில் ஒலியனுப்பித் தேடும் கருவியில், எதிரொலி கேட்டது, மிக அருகில். மேலே பறந்த இரண்டு வைல்ட்கேட் விமானங்கள் நீருக்கடியில் நகரும் நிழலைப் பார்த்து, அந்த இடத்தைக் காட்டுவதற்காகத் தண்ணீரிலேயே சுட்டன. சாட்டலேன் டெப்த் சார்ஜ் போட்டது. உள்ளே விளக்குகள் அணைந்தன, சுக்கான் வலப்பக்கமாகத் திரும்பிய நிலையில் மாட்டிக்கொண்டது, தண்ணீர் வருகிறது என்று பின்னாலிருந்து கூச்சல். லாங்கெ படகை மேலே கொண்டுவந்தார். முதலில் வெளியே வந்தவரும் அவர்தான், குண்டு மழையில் காலில் பலத்த காயம், பின்னால் ஒரு காலையே எடுக்க வேண்டி வந்தது. எல்லோரும் வெளியேறுங்கள், படகை மூழ்கடியுங்கள் என்பது அவருடைய உத்தரவு. முதல் பாதி நடந்தது, இரண்டாம் பாதி அவசரத்தில் அரைகுறையாக நின்றுவிட்டது. தகர்ப்பதற்கு வைத்திருந்த வெடிகளின் டைமரை யாரும் முடுக்கவில்லை. 59 பேரில் ஒருவர் இறந்தார், 58 பேர் கடலில் குதித்தார்கள். ஆளில்லாத படகு மோட்டார் ஓடியபடியே வட்டமடித்துக்கொண்டிருந்தது.

பில்ஸ்பரியிலிருந்து ஆல்பர்ட் டேவிட் என்ற லெப்டினன்ட் தலைமையில் ஒன்பது பேர் ஒரு சிறு படகில், வட்டமடிக்கும் நீர்மூழ்கியைக் குறுக்கே வெட்டித் துரத்திப் பிடித்து ஏறினார்கள். உள்ளே யாராவது துப்பாக்கியோடு காத்திருக்கலாம், எந்த நொடியும் வெடிக்கலாம், வெடிக்காவிட்டாலும் அப்படியே மூழ்கலாம். டேவிட், நிஸ்பெல், வடோவியாக் மூவரும் ஏணி வழியாக முதலில் இறங்கினார்கள். பின்னால் வந்தவர்களில் ஒருவர் செனோன் லுகோசியஸ், சிகாகோக்காரர். கட்டுப்பாட்டு அறைப் பக்கம் தண்ணீர் பீறிடும் சத்தம் கேட்டது. கடல்நீர் வடிகட்டியின் மூடியைத் திறந்துவிட்டிருந்தார்கள், சாண் அகலத்துக்குக் கடல் உள்ளே வந்துகொண்டிருந்தது. மூடி அங்கேயே பக்கத்தில் கிடந்தது! லுகோசியஸ் அதை எடுத்து வைத்து, திருகாணிகளை முறுக்கி அடைத்தார். அந்த மூடியைக் கொஞ்சம் தள்ளி எறிந்திருந்தால் சிகாகோவில் பார்ப்பதற்கு ஒன்றும் இருந்திருக்காது. அந்த மூடியைக் கழற்றியது நான்தான் என்று பின்னாளில் சொன்ன ஜெர்மன் மாலுமி ஹான்ஸ் கோபலர், போருக்குப் பிறகு பல வருடம் கழித்து அமெரிக்காவுக்கே குடியேறினார்.

பிடித்துவிட்டார்களே தவிர வேலை முடியவில்லை. இழுத்துச் செல்லப் பக்கத்தில் வந்த பில்ஸ்பரியின் உடலை நீர்மூழ்கியின் முன் துடுப்பே கிழித்துவிட்டது. கடைசியில் குவாடல்கனாலே இழுத்தது. பின் டார்பிடோ அறைக் கதவில் பொறிவெடி இருக்குமோ என்று சந்தேகம், கேலரியே போய்ப் பார்த்துத் திறந்து, கையால் இயக்கும் சுக்கானை நேராக்கினார். இந்தக் கட்டத்தில் வருகிற ஆள் எர்ல் டிரோசினோ, குவாடல்கனாலின் தலைமை எஞ்சினியர், வணிகக் கப்பல்களில் வேலை பார்த்துப் பழகியவர், அதுவரை ஒரு நீர்மூழ்கிக்குள் கால் வைத்ததில்லை. தரைத்தகடுகளுக்கு அடியில் எண்ணெய்த் தண்ணீரில் ஊர்ந்து ஊர்ந்து எந்தக் குழாய் எங்கே போகிறது என்று தடவிப் பார்த்தே புரிந்துகொண்டார். பேட்டரி போய்விட்டது, பம்பு ஓட்ட மின்சாரம் இல்லை. அவர் செய்தது என்ன? டீசல் எஞ்சினுக்கும் மோட்டாருக்கும் உள்ள இணைப்பைக் கழற்றிவிட்டார். இனி படகை வேகமாக இழுங்கள் என்றார். இழுக்க இழுக்கத் தண்ணீரின் விசையில் ப்ரொபெல்லர் சுற்றும், ப்ரொபெல்லர் சுற்றினால் மோட்டார் சுற்றும், சுற்றுகிற மோட்டார் ஜெனரேட்டராகிப் பேட்டரியைச் சார்ஜ் செய்யும். செய்தது. பம்புகள் ஓடின, படகு மிதந்து நின்றது. இந்த மொத்தக் கதையிலும் நான் திரும்பத் திரும்பப் படிக்கிற இடம் இதுதான்.

உள்ளே கிடைத்தவை: செய்திகளைச் சங்கேதமாக மாற்றும் இரண்டு எனிக்மா இயந்திரங்கள், மூட்டை மூட்டையாகச் சங்கேதப் புத்தகங்கள், ப்ரொபெல்லர் சத்தத்தைக் கேட்டுத் துரத்தும் புது ரக டார்பிடோக்கள். அமெரிக்கக் கடற்படை 1815-க்குப் பிறகு நடுக்கடலில் எதிரிப் போர்க்கப்பலைப் பிடித்தது அதுவே முதல் தடவை. கேலரிக்குப் பாராட்டு மழை பொழிந்திருக்கும் என்றுதானே நினைப்பீர்கள்? கடற்படைத் தலைமை அட்மிரல் கிங் அவரைக் கோர்ட் மார்ஷல், அதாவது ராணுவ நீதிமன்ற விசாரணை, செய்யலாமா என்று கொதித்தார். ஏனென்றால் எனிக்மா செய்திகளை நேச நாடுகள் ஏற்கெனவே படித்துக்கொண்டிருந்தன, அது கேலரிக்குத் தெரியாது. பிரான்ஸின் நார்மண்டியில் நேச நாடுகள் படையிறக்க இரண்டே நாள் இருக்கும்போது, ஒரு படகு பிடிபட்டது என்று ஜெர்மனிக்குத் தெரிந்தால் மொத்தச் சங்கேத முறையையும் மாற்றிவிடுவார்கள். ரகசியத்தைக் காப்பாற்றியது அணியின் மாலுமிகள், ஏறக்குறைய 3,000 பேர். இளவயதுப் பையன்கள், கையில் எடுத்த நினைவுப் பொருட்களையெல்லாம் திருப்பிக் கொடுத்துவிட்டு, போர் முடியும் வரை வாயைத் திறக்கவில்லை. ஜூன் 19 அன்று படகு பெர்முடா போய்ச் சேர்ந்தது, நீமோ என்று மாற்றுப் பெயரும் வைத்தார்கள்.

இதற்கு விலை கொடுத்தவர்கள் அந்த 58 பேரின் குடும்பங்கள். லூசியானாவில் ரஸ்டன் முகாமில் மற்றவர்களிடமிருந்து பிரித்து வைத்தார்கள், செஞ்சிலுவைச் சங்கத்துக்குத் தகவல் கொடுக்கவில்லை, கடிதம் எழுத விடவில்லை. ஜெர்மனியில் வீட்டாருக்கு அவர்கள் இறந்தவர்கள். கைதிகள் பற்றிய சர்வதேச ஒப்பந்தத்துக்கு இது விரோதம். ராணுவ நியாயம் புரிகிறது, ஆனால் ஐரோப்பாவில் போர் முடிந்த உடனேயாவது ஒரு வரி எழுத விட்டிருக்கலாம். சிலர் வீடு திரும்பும்போது 1947 ஆகிவிட்டது.

ஆனால் திரும்பினார்கள். ராசி பற்றி நான் சொல்ல வந்தது இங்கேதான். பக்கத்து எண் படகுகளைப் பாருங்கள். யு-502, 1942 ஜூலை, ஒருவர்கூடப் பிழைக்கவில்லை. யு-503, அதே வருடம் மார்ச், ஒருவரும் இல்லை. யு-504, 1943 ஜூலை, ஒருவரும் இல்லை. யு-506-இல் ஆறு பேர் மிச்சம். யு-507, யு-508, யு-509 எல்லாம் ஆட்களோடு அடியில். ஜெர்மன் நீர்மூழ்கிகளில் போன சுமார் 40,000 பேரில் ஏறக்குறைய 30,000 பேர் திரும்பவில்லை. குண்டு விழுந்து ஆறு மாதம், நாசவேலையால் மூன்று மாதம் என்று துறைமுகத்திலேயே கிடந்ததால்தான் யு-505 அந்த மிக மோசமான 1943-ஐக் கடலில் கழிக்காமல் தப்பித்தது. பாய்மரக் கப்பலின் சாபம் என்று அவர்கள் புலம்பிய காலமெல்லாம் இந்தக் கணக்கில்தான் வருகிறது. ஏறிப் பிடித்த பக்கத்தில் பாருங்கள், ஆல்பர்ட் டேவிட்டுக்கு அமெரிக்காவின் மிக உயர்ந்த வீரப் பதக்கம் அறிவிக்கப்பட்டது, அதை வாங்குவதற்கு முன்பே 1945 செப்டம்பரில் அவர் இறந்துவிட்டார்.

போருக்குப் பின் படகை ஊர் ஊராகக் கொண்டுபோய்க் காட்டிப் போர்க் கடன் பத்திரம் விற்றார்கள். அப்புறம் அமெரிக்காவின் போர்ட்ஸ்மத் கடற்படைத் தளத்தில் கட்டிப்போட்டுவிட்டார்கள். உள்ளே கழற்றக்கூடியதையெல்லாம் கழற்றியாயிற்று, பீரங்கிப் பயிற்சிக்கு இலக்காக்கி மூழ்கடித்துவிடலாம் என்று யோசனை. கேலரி சிகாகோக்காரர், அவருடைய சகோதரர் ஒரு பாதிரியார், அவர் போய் அருங்காட்சியகத் தலைவர் லெனாக்ஸ் லோரிடம் பேசினார். ஊர் மக்கள் 2,50,000 டாலர் சேர்த்தார்கள். 1954-இல் செயின்ட் லாரன்ஸ் ஆறு, பெரிய ஏரிகள் வழியாக இழுத்து வந்து, செப்டம்பரில் ஓர் இரவு, ஏரிக்கரைச் சாலையில் போக்குவரத்தை நிறுத்திக் குறுக்கே நகர்த்தினார்கள். நீர்மூழ்கி சாலையைக் கடக்கிறது, கவனமாக ஓட்டவும் என்று அறிவிப்புப் பலகை வேறு. காணாமல் போன பாகங்களுக்காக லோர் ஜெர்மன் நிறுவனங்களுக்கு எழுதினார், முதலில் அந்தப் பாகங்களைச் செய்து கொடுத்தவர்களுக்கே. காசு வாங்காமல் அனுப்பி வைத்தார்கள்.

ஐம்பது வருடம் சிகாகோவின் பனியிலும் வெயிலிலும் வெளியே நின்று துருப்பிடித்த பிறகு, 2004-இல் தரைக்கடியில் பள்ளம் தோண்டி இறக்கி, மேலே கூரை போட்டார்கள். அதற்குச் சற்று முன் 2003-இல்தான் இன்னொன்று அகப்பட்டது. போர்ட்ஸ்மத்தில் கழற்றிக்கொண்டு போன பெரிஸ்கோப், அமெரிக்கக் கடற்படையின் சான் டியேகோ ஆய்வுக்கூடத்தில் இத்தனை காலமும் இருந்திருக்கிறது. அதையும் சிகாகோவுக்குக் கொடுத்துவிட்டார்கள்.